மாதம் ஒரு கேன்

ஸ்டோர்ஸ் லெட்ஜரின் கடைசிப் பக்கங்களை யாரும் அவ்வளவாகப் புரட்டுவதில்லை. நூல்கோன், ஊசி, எலாஸ்டிக், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, கம் டேப் என்று அந்தப் பெரிய நோட்டு ஓடி முடியும் இடத்தில் ‘கிளீனிங் ஐட்டம்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், மாப் குச்சி. அதற்கும் கீழே, ‘ஹேண்ட்வாஷ் 5 லிட்டர் கேன் – 1’. அடுத்த மாதமும் 1. அதற்கடுத்த மாதமும் 1. நான் புரட்டிப் பார்த்த பதினான்கு மாதங்களிலும் அந்த எண் மாறவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம், ஒன்றரை ஷிப்ட் ஓடிய நாட்கள், புதிதாக ஒரு லைன் போட்டு ஆள் சேர்த்த மாதம், எல்லாவற்றிலும் அதே ஒன்று.

2017இல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அட்மின் வேலைக்குச் சேர்ந்த புதிது. கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து அப்போது 180 பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளிப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள் பாதி. மதுரை, தேனி, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருந்தவர்கள் மீதி.

அந்தப் பக்கத்தை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஓர் ஒடிசாப் பெண். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள், பத்தொன்பது வயது இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். ஊசிக்கம்பியில் ஆயில் ஒழுகியிருக்கிறது. வெள்ளைத் துணி கெட்டுவிடக் கூடாதே என்று விரலாலேயே வழித்து வழித்துத் தைத்திருக்கிறாள். நகக்கண் வரைக்கும் கறுப்பு. “சாபுன நாஹி, தீதி” என்றாள். எனக்கு ஒடியா தெரியாது. ஆனால் பாட்டி சவுக்காரம் என்று சொன்னது, ஹிந்திக்காரர்கள் சாபுன் என்று சொல்வது, நாம் சோப்பு என்று சொல்வது எல்லாம் ஒரே சாமானைத்தானே. போய்ப் பார்த்தேன். கழுவும் தொட்டிக்கு மேலே மூன்று டிஸ்பென்சர்கள் சுவரில் இருந்தன. ஒன்று உடைந்திருந்தது. ஒன்று காலி. மூன்றாவதை அழுத்தினால் தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டியது, அதில் நுரையும் இல்லை, வாசனையும் இல்லை. அவள் தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். சோற்றைக் கையால் பிசைந்துதானே சாப்பிட வேண்டும்.

அன்று சாயங்காலம் ஒரு பழைய லேபிள் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கேன் ஐந்து லிட்டர், அதாவது 5,000 மில்லி. மாதத்துக்கு 26 வேலை நாள். ஆள் 180. வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வரும். ஆக, காலை எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போகும் ஒரு மனுஷி, நாள் முழுவதற்கும் ஒரே ஒரு முறை சோப்புப் போட்டுக் கை கழுவலாம் என்று அந்த லெட்ஜர் சொன்னது. ஆயில் பட்டால் அதற்கா, டாய்லெட் போய் வந்தால் அதற்கா, சாப்பாட்டுக்கு முன்னாலா, அதை அவளே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஓர் ஆள் நாளைக்கு நான்கு முறை கழுவட்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லி. 180 பேருக்கு 1,080 மில்லி, அதாவது ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே. 26 நாளைக்கு 28 லிட்டர். ஆறு கேன்.

ஆறு கேன் வேண்டிய இடத்தில் ஒன்று. அந்த ஒன்றும் எப்படி மாதம் முழுவதும் ஓடியது என்பதை மறுநாள் எங்கள் ஆயாம்மா சொன்னார்.

“பாதிக்குப் பாதி தண்ணி ஊத்துவேன் கண்ணு. இல்லீன்னா ஒரு வாரத்துல தீந்துரும். மறுக்கா ஸ்டோர்ஸ்ல போயி நின்னா, குடிச்சயான்னு கேப்பாங்க.”

அவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் தண்ணீர் கலந்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கேனை முப்பது நாளுக்கு நீட்டச் சொல்லி அவர் தலையில் கட்டிய வேலை அது. ஸ்டோர்ஸ் அண்ணனிடம் போனேன். அவரும் கெட்டவர் இல்லை. “எவ்வளவு வெச்சாலும் தீந்துருதுங்க மேடம்” என்றார். “தீரத்தானேங்ணா வாங்கறோம்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “லெட்ஜர்ல நம்பர் ஏறுனா எம்.டி. என்னையத்தானுங்க கேப்பாரு” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. நூல் அதிகமாகச் செலவானால் வேஸ்டேஜ். ஊசி அதிகமாக உடைந்தால் வேஸ்டேஜ். அந்தப் பழக்கத்தில் சோப்பையும் அதே கண்ணால் பார்த்துவிட்டார்கள். தைக்கிற இடத்தில் நூல் குறைவாகச் செலவாவது திறமை. கழுவுகிற இடத்தில் சோப்பு குறைவாகச் செலவானால், கழுவவில்லை என்றுதான் அர்த்தம். மாதக் கடைசியில் கேனில் பாதி மிச்சம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தண்ணீர் கலப்பதில் இன்னொரு கேடு உண்டு. அதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். திரவ சோப்பில் கிருமி வளராமல் இருக்க அளவாக ஒரு பதனப்பொருள் சேர்த்திருப்பார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினால் அதன் வீரியமும் பாதியாகிவிடும். அப்புறம் அந்த டிஸ்பென்சரே கிருமிகளுக்குத் தொட்டில். தண்ணீர் கலக்காவிட்டாலும், அடியில் மிச்சமிருக்கும் பழைய சோப்பின் மேலேயே புதிதை ஊற்றிக்கொண்டு போனால் நாளாவட்டத்தில் இதே கதைதான். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2002இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, பாதி காலியான டிஸ்பென்சரில் மேலே ஊற்றி நிரப்பாதீர்கள் என்று இருக்கிறது. 2011இல் அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த ஆய்வு வெளியானது. இப்படி ஊற்றி நிரப்பும் 14 டிஸ்பென்சர்களும் அந்தப் பள்ளியில் அசுத்தமாகியிருந்தன. அந்தச் சோப்பால் கழுவிய பிறகு, மாணவர்கள், ஆசிரியர்கள் கைகளில் ஒருவகைக் கிருமிகளின் எண்ணிக்கை கழுவுவதற்கு முன்பு இருந்ததைப் போல 26 மடங்காகக் கூடியிருந்தது. கழுவியதால் கூடியது. இதைப் படித்த அன்று எங்கள் மூன்றாவது டிஸ்பென்சரைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை.

முதலாளியிடம் ஆறு கேன் கேட்டு எழுதுவதற்கு முன்னால், எந்தச் சோப்பு என்ற கேள்வி வந்தது. கட்டி சோப்பு போதாதா என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பலர் தொட்ட கட்டி சோப்பிலிருந்து கிருமி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் பெரும்பாலும் வீண். 1988இல் வெளியான ஒரு சோதனையில், வேண்டுமென்றே கிருமி தடவிய கட்டி சோப்புகளைக் கொடுத்து 16 பேரைக் கழுவச் சொன்னார்கள். கழுவிய பின் ஒருவர் கையிலும் அந்தக் கிருமிகள் அகப்படவில்லை. அதனால் எனக்குக் கட்டி சோப்பின் மேல் அருவருப்பு எதுவும் இல்லை. எங்கள் சிக்கல் தண்ணீர். திருப்பூர் போர் தண்ணீரில் துவைத்தவர்களுக்குத் தெரியும். கட்டி சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாது. தொட்டியில் திரிந்த பால் மாதிரி ஒரு வெள்ளைப் படலம் மிதக்கும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. பாதி சோப்பு கையைக் கழுவுவதற்கு முன்பே தண்ணீரோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகிறது. பாறைக்கு நடுவிலிருந்து வரும் தண்ணீர் இயல்பாகவே உப்பு. அதோடு நொய்யலில் சாயக்கழிவு கலந்து, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. இங்கே திரவ ஹேண்ட்வாஷ் வாங்குவது பகட்டுக்காக இல்லை. அதிலுள்ள நுரைப்பொருள் உப்புத்தண்ணீரிலும் வேலை செய்யும்.

ஆனால் திரவம் என்று கேட்டதும் முதலில் வந்து நிற்பது சோப் ஆயில். பச்சையாகவோ மஞ்சளாகவோ கேனில் வரும், வீட்டுத் தரையும் பாத்திரமும் கழுவுகிற அதே சாமான். ஆசிட் ஸ்லரி என்ற நுரைக்கும் அமிலமும் காஸ்டிக் சோடா என்ற காரமும் கலந்து ஊரில் பல இடங்களில் செய்கிறார்கள். தரைக்கு அது சரி. அதை ஹேண்ட்வாஷ் டிஸ்பென்சரில் ஊற்றிவைக்கிற இடங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டின் கலவை சரியாக அமையாத கேன் வந்துவிட்டால், ஒரு வாரத்தில் விரலிடுக்கெல்லாம் வெடிக்கும். அயர்ன் டேபிளில் நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவர்களுக்கு, ஏற்கெனவே காய்ந்துபோன கை. வெடித்த விரலோடு யாரும் விரும்பிக் கை கழுவப் போகமாட்டார்கள். அப்புறம் ‘எங்க ஆளுங்களுக்குச் சுத்தமே கிடையாது’ என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்பதும் பொய். விற்க வந்த ஒருவரே மனம் திறந்து சொன்னார்: ஹேண்ட்வாஷைக் கெட்டியாக்கச் சாதாரண உப்புப் போட்டாலே போதும். அதனால் நான் கெட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். லேபிளில் தயாரித்த தேதி இருக்கிறதா, லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு வாரம் என் கையிலேயே பத்துத் தடவை போட்டுக் கழுவிப் பார்ப்பேன். செக்கிங் டேபிளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பீஸ் புரட்டுகிற இரண்டு அக்காமாரிடமும் ஒரு பாட்டில் கொடுத்துவிடுவேன். அவர்கள் கை எரியுதுன்னு சொன்னால் அந்தச் சரக்கு வேண்டாம். ‘கிருமிநாசினி’ என்று கூடுதல் விலை சொல்லும் வகைகளை நான் ஒருபோதும் வாங்கியதில்லை. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேல் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே டிரைக்ளோசான் முதலான 19 பொருள்களை வீட்டுக் கை சோப்புகளிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு இன்னொரு கேன் வாங்கலாம்.

உழைக்கிறவர் தோலை நினைத்துச் சோப்பு செய்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. 1969இல் சென்னையில் மெடிமிக்ஸைத் தொடங்கிய டாக்டர் வி.பி. சித்தன் ரயில்வே மருத்துவராக இருந்தவர். ரயில்வேத் தொழிலாளர்களிடம் கண்ட தோல் நோய்களுக்காக எண்ணெய் காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தவர், பிறகு அதையே சோப்பாக்கினார். இன்று குளியலறையில் இருக்கிற ஒரு சோப்பு, வேலை செய்து புண்ணான கைகளைப் பார்த்த ஒருவரிடமிருந்து பிறந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆறு கேனுக்கான இண்டென்ட்டை, அதாவது சாமான் கேட்டு எழுதும் சீட்டை, எழுதிக்கொண்டு போனபோது எம்.டி. கையெழுத்துப் போட்டார். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அந்த லேபிள் அட்டைக் கணக்கைக் காட்டினேன், ஒரு ஆளுக்கு ஒரு மில்லி என்பதைப் பார்த்தார், “இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே” என்றார். பதினான்கு மாதம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சோப்பு வந்தது. அப்போதும் மதியத்தில் பலர் வெறுந்தண்ணீரில் விரல் நனைத்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குக் கோபமே வந்தது. மூன்று நாள் தொட்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தபிறகுதான் புரிந்தது. பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். 180 பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். குழாய் ஆறு. சோப்புப் போட்டு, விரலிடுக்கு தேய்த்து, அலசி நகர ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும், 180 பேர் ஆறு குழாயில் கழுவி முடிக்கப் பதினைந்து நிமிஷம். சாப்பாட்டு நேரமே அரை மணி. வரிசையில் கடைசியில் நிற்கிறவள், தன் இடைவேளையில் பாதியைக் குழாயடியில் தொலைத்தால்தான் சுத்தமான கையோடு சோறு தின்ன முடியும். இருபது விநாடி கழுவுங்கள் என்று படம் போட்ட போஸ்டரை அவள் தலைக்கு மேலே நான்தான் ஒட்டியிருந்தேன்.

நான்கு குழாய் கூடுதலாகக் கேட்டேன், இரண்டு கிடைத்தது, அதுவும் ஆறு மாதம் கழித்து. அதற்குள் மணியை மூன்றாகப் பிரித்தோம். முதல் அறுபது பேருக்குப் பன்னிரண்டே கால், அடுத்த அறுபது பேருக்குப் பன்னிரண்டரை, கடைசி அறுபது பேருக்குப் பன்னிரண்டே முக்கால். அறுபது பேர் ஆறு குழாயில் ஐந்து நிமிஷத்தில் கழுவிவிடலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் எதிர்ப்பு வந்தது, நான் நினைத்தே பார்க்காத பக்கத்திலிருந்து. “மேடம், நானும் செல்வியும் ஆறு வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்புடறோம். அவ செக்கிங், நான் கைமடி. எங்களப் பிரிக்காதீங்க.” குழம்பு மாற்றிக்கொள்கிற சிநேகிதிகளை மணி பிரிக்கக் கூடாது என்பது நியாயமாகப் பட்டது. லைன் வாரியாகப் பிரித்திருந்ததை மாற்றி, யார் எந்த நேரம் என்று அவர்களே பெயர் கொடுக்கச் சொன்னோம். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான்.

பெண்கள் பக்கத்து விஷயம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டி இரண்டு கழிப்பறைகளுக்கும் வெளியே, கட்டிங் டேபிளுக்கு நேர் எதிரே இருந்தது. மாதவிடாய் நாட்களில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, அத்தனை ஆண்கள் பார்க்கிற இடத்தில் நின்று சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவ எந்தப் பெண்ணுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். துப்பட்டாவில் கையை மறைத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவார்கள். சிலர் டாய்லெட் போவதையே தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு என்று லீவு எழுதித் தரும்போதுதான் அது எங்களுக்குத் தெரியும். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். கழுவும் வசதி பற்றிய 42ஆம் பிரிவு நாலே வரி. போதுமான, தகுந்த வசதி வேண்டும், எளிதில் போகக்கூடிய இடத்தில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, போதிய மறைப்போடு இருக்க வேண்டும் என்றது. 1948இல் யாரோ ஒருவர் இந்தக் கூச்சத்தை நினைத்துப் பார்த்து ‘மறைப்பு’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். எங்கள் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவருக்கு அது தோன்றவில்லை. பெண்கள் கழிப்பறைக்கு உள்ளேயே ஒரு சின்ன வாஷ்பேசின் வைத்து, கதவை ஒட்டி ஒரு தடுப்பு வைத்தோம். மற்ற எல்லா இடங்களையும்விட வேகமாக அங்கேதான் சோப்பு தீர்ந்தது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஆயாம்மாவும் இருந்தார். கழிப்பறையையும் கழுவும் இடத்தையும் சுத்தமாக வைப்பதே முதன்மை வேலையாகக் கொண்ட ஆட்களை நியமிக்க வேண்டும் என்றது. எங்கள் ஆயாம்மா டீ வாங்கி வருவார், கட்டிங் வேஸ்ட் அள்ளுவார், ஆள் குறைந்தால் பீஸ் பண்டல் கட்டுவார், இதற்கெல்லாம் நடுவில் கழிப்பறை. ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார். வெள்ளையாக வரட்டும் என்று பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட்டும் ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் உயிரையே வாங்கக்கூடியது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லார் கையும் சுத்தமாக இருக்க உழைக்கிறவர் கையில் ஒரு க்ளவுஸ் இல்லை. அன்றிலிருந்து ஆசிட்டை வாங்குவதையே நிறுத்தினோம். ரப்பர் க்ளவுஸ் சோப்புக் கேனோடு சேர்ந்த ஐட்டமாக அதே இண்டென்ட்டில் வரும். இது தாமதமாகச் செய்தது. அவர் கையில் ஆசிட் பட்ட தோல் இன்னும் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது.

ஆடிட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. வெளிநாட்டு பையரின் ஆட்கள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்க்கும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தின நாள் ராத்திரி டிஸ்பென்சர்கள் நிரம்பும், டிஷ்யூ ரோல் தொங்கும், வெள்ளைத் துண்டு மடித்து வைக்கப்படும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் திரும்ப பீரோவுக்குப் போகும். சேர்ந்த புதிதில் நானும் அந்த டிஷ்யூ ரோலை என் கையால் கழற்றிப் பூட்டி வைத்திருக்கிறேன். சொன்னார்கள், செய்தேன். அந்தச் சமயத்தில் ஒரு டெய்லரம்மா தொட்டியில் கை கழுவிக்கொண்டே, “இன்னிக்கு ஆடிட்டுங்களா மேடம்? சோப்பு இருக்குதே” என்று கேட்டார். குத்திக்காட்டும் தொனி எதுவும் அதில் இல்லை. வானம் கறுத்தால் மழையா என்று கேட்பது மாதிரி கேட்டார். ஒரு வாரம் அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது.

2020இல் கொரோனா வந்தபோது காலால் மிதிக்கும் குழாய், வாசலில் சானிடைசர், உடம்புச் சூடு பார்க்கும் கருவி எல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் வந்தன. அந்த நாட்களில் சோப்புக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் சானிடைசரை நம்பிச் சோப்பைக் குறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிலும் பஞ்சும் சாயமும் ஒட்டின கையில் ஆல்கஹால் ஒழுங்காக வேலை செய்யாது. அழுக்கு அங்கேயேதான் இருக்கும். இரண்டு வருஷத்தில் மிதிகுழாய்களின் ஸ்பிரிங் துருப்பிடித்தது. பெரும்பாலான இடங்களில் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

சோப்பு வைத்தால் வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்ற பேச்சும் உண்டு. ஒருமுறை நடந்தது. ஹாஸ்டல் பெண் ஒருத்தி காலி தைலப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனதைச் செக்யூரிட்டி அண்ணன் பார்த்துவிட்டு என்னிடம் கூட்டிவந்தார். அவள் அழுதுகொண்டே சொன்னது, ஹாஸ்டல் கழிப்பறையில் சோப்பே கிடையாது என்பது. பன்னிரண்டு பேருக்கு ஒரு கழிப்பறை. அவள் கையில் இருந்தது ஐம்பது மில்லிகூட இருக்காது. அவளை அனுப்பிவிட்டு, ஹாஸ்டலுக்கும் மாதம் ஒரு கேன் என்று இண்டென்ட்டில் தனி வரி சேர்த்தேன். அது முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு. கழுவாத கை இரவில் ஹாஸ்டலில் சமைத்துவிட்டு, காலையில் இதே குழாயடிக்குத்தானே வருகிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. சுவர் டிஸ்பென்சர்களை எடுத்துவிட்டோம். அரை லிட்டர் பம்ப் பாட்டில்கள், குழாய்க்கு ஒன்று. அதே எண்ணிக்கையில் மாற்றுக்கு இன்னொரு செட். ஒரு பாட்டில் முழுக்கக் காலியான பிறகுதான் எடுக்க வேண்டும், மேலே ஊற்றக் கூடாது. எடுத்ததை வெந்நீரில் கழுவி, மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததில் புதுச் சோப்பு. பாட்டில் தொலையாமல் இருக்கக் கழுத்தில் கம்பி கட்டிக் குழாயோடு சேர்த்திருக்கிறோம். துடைக்கப் பொதுத் துண்டு கிடையாது. ஈரக்கையில் கிருமி எளிதாக ஒட்டும் என்பதால் கை காய்ந்தாக வேண்டும். கட்டிங்கில் மிஞ்சும் சுத்தமான காட்டன் துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி ஒரு கூடையில் வைத்திருக்கிறோம். ஒரு தடவை துடைத்துவிட்டு அடுத்த கூடையில் போட்டுவிட வேண்டும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்.

கேன் சாவி ஸ்டோர்ஸில் இல்லை. ஆயாம்மாவிடம் இருக்கிறது. இதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேச வேண்டியிருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேனை உடைக்கும் நாளில், கட்டிங் டேபிளில் துணிக்கு மார்க் போடும் சாக்பீஸால் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கோடு போடுகிறார். மாதக் கடைசியில் நான் போய்க் கோட்டை எண்ணிக்கொண்டு வந்து லெட்ஜரில் ஏற்றுகிறேன். போன மாதம் ஆறு கோடு. இந்த மாதம் பத்தொன்பதாம் தேதியே ஆறாவது கோடு விழுந்துவிட்டது.

“நீ ஒண்ணுஞ் சொல்லமாட்டயே கண்ணு?” என்று கேட்டார். சாக்பீஸ் இன்னும் கையில் இருந்தது. வெயில் காலம், புதிதாக இருபது பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஃபைன் ஜெர்ஸி என்ற மெல்லிய பனியன் துணியில் வெள்ளை ஆர்டர் ஓடுகிறது. கேன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். இண்டென்ட் புக்கை எடுத்து, ஹேண்ட்வாஷ் 5 லிட்டர் என்று எழுதி, எண்ணிக்கையில் 8 போட்டேன்.